குளத்தைக் காக்க வந்த மேடை

அல்லிக்குளத்தின் நடுவில் ஒரு கூடு மிதந்துகொண்டிருந்தது. குமிழி என்ற முக்குளிப்பானும் அவள் கணவன் பாசியும் சேர்ந்து கட்டிய கூடு அது.

முக்குளிப்பான் கைக்குள் அடங்கும் பறவை. தண்ணீருக்குள் அம்பு மாதிரி பாயும். பறப்பது அரிது. தரையில் நாலடி வைத்தால் மூக்குக் குப்புற விழும். அதனால்தான் அது மரத்திலும் கூடு கட்டாது, புதரிலும் கட்டாது. அழுகிய தண்டையும் நீர்ச்செடியையும் குவித்துத் தண்ணீரின் மேலேயே கட்டும். காற்று அடித்துக்கொண்டு போகாமல் கோரைப்புல்லோடு பிணைத்து வைக்கும். சுற்றிலும் தண்ணீர் இருக்கும்வரை அந்தக் கூடு கோட்டை. தண்ணீர் வற்றினால் தட்டில் வைத்த பலகாரம்.

கூட்டில் நாலு முட்டைகள். கரையில் ஒரு கீரி.

கீரி தினமும் பொழுது விடிந்ததும் வந்து உட்காரும். ஈரம் என்றால் அதற்கு ஆகாது. ஆனால் பொறுமை மட்டும் நிறைய உண்டு.

"என்ன குமிழியம்மா! நேத்து இந்தக் கல்லு தண்ணிக்குள்ள இருந்துச்சு. இன்னைக்கு முதுகு காயுது, பாத்தியா?"

"உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போ!"

"என் வேலையே அதானே! நீ அடைகாக்குற. நானும் அடைகாக்குறேன். யாரோடது முதல்ல பொரியுதுன்னு பாப்போம்!"

குமிழி கல்லைப் பார்த்தாள். அதன் முதுகு உண்மையிலேயே காய்ந்திருந்தது. மழை வந்து இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும், வரவில்லை. வெயில் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது. அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் குன்றின் ஊற்றிலிருந்து வாய்க்கால் வழியே குளத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டுதானே இருக்கிறது? பிறகு ஏன் இப்படி இறங்குகிறது?

விடை அன்று காலையே நடந்து வந்தது. நாலு காலும் ஒரு தும்பிக்கையுமாக வந்தது.

அல்லிக்குளம் குன்றடி வனப் பல்கலைக்கழகத்தின் வளாகத்துக்குள் இருந்தது. அங்கே முயல்கள் புல்லைப் பற்றிப் படித்தன. குரங்குகள் ஏழு வருடமாக ஒரே பட்டத்துக்குப் படித்தன. மயில் துணைவேந்தர். நரி பதிவாளர். கொம்பையா என்ற யானைக்குத் தண்ணீர் இறைக்கும் வேலை. அவர் குளத்தில் தும்பிக்கையை விட்டு 'சர்ர்ர்' என்று உறிஞ்சினார்.

"கொம்பையா அண்ணே! இவ்வளவு தண்ணி யாருக்கு?"

"புல்லுக்குத் தங்கச்சி. அலுவலகத்து முன்னாடி புதுசாப் பச்சைப் புல்வெளி போட்டிருக்காங்க. ஒரு வேளை தண்ணி இல்லேன்னா முகம் கறுத்துடும். அவ்வளவு செல்லப் புல்லு."

"ஏற்கெனவே அங்க புல்லு இருந்துச்சே? மானெல்லாம் மேயுமே?"

"அது நம்ம ஊர்ப் புல்லு. தானா வளரும். தானா வளர்றதுக்கு மதிப்பெண் கிடையாதாம். இன்னும் எட்டு நாள்ல தரக்குழு வருது. எந்த வளாகம் அதிகப் பசுமைன்னு பாத்து இலை குடுப்பாங்க. நமக்குப் போன தடவை மூணு இலை. ஆத்தங்கரைப் பல்கலைக்கழகத்துக்கு நாலு. அன்னையிலேர்ந்து மயிலய்யா சரியா அகவுறதே இல்ல."

"வேற யாருக்கு இறைக்கிறீங்க?"

"மரக்கன்றுக்கு. வருஷா வருஷம் நடுறோமே, அந்த நூத்தெட்டுக் குழியிலதான்."

"போன வருஷம் நட்டதெல்லாம்?"

"அதெல்லாம் அப்பவே பட்டுப்போச்சு. குழி நிரந்தரம் தங்கச்சி. கன்றுதான் தற்காலிகம்."

கொம்பையா நல்லவர். கூடு ஆடாமல் பார்த்துப் பார்த்துத்தான் உறிஞ்சினார். ஆனால் உறிஞ்சினார்.

குமிழி முட்டைகளைப் பாசியிடம் ஒப்படைத்தாள். "மேலே போய்ச் சொன்னாக் கேப்பாங்க. படிச்சவங்கதானே!" என்று கிளம்பினாள். கரையேறியதிலிருந்து பதினேழு தடவை விழுந்தாள். நெஞ்சு முழுக்கப் புழுதியாகப் பல்கலைக்கழகத்தின் பசுமைக் குழு கூடும் மரத்தடிக்கு வந்து சேர்ந்தாள்.

அது ஒரு பூவரச மரம். அதில் ஓர் இலைகூட இல்லை.

"இலையெல்லாம் எங்கே?" என்று அங்கிருந்த முயல் எழுத்தரைக் கேட்டாள்.

"சுவரொட்டி எழுதப் பறிச்சாச்சு."

"என்ன சுவரொட்டி?"

"'இலையைப் பறிக்காதீர்'!"

குழுவின் தலைவர் முள்ளம்பன்றிப் பேராசிரியர். பூமி ஏன் சூடாகிறது என்பதைப் பற்றி முப்பது வருடம் ஆராய்ந்தவர். வெயிலில் வெளியே வரமாட்டார். குமிழி கைகட்டி நிற்பதுபோல் சிறகை ஒடுக்கிக்கொண்டு நின்று, எல்லாவற்றையும் சொன்னாள். முட்டை, கூடு, கல், கீரி.

பேராசிரியரின் கண்ணில் நீர் ததும்பியது. அது பொய்க் கண்ணீர் இல்லை. அவர் உண்மையிலேயே இளகிவிட்டார்.

"ஐயோ பாவமே! இத்தனை நாள் இந்த உதாரணம் இல்லாமல்தானே என் கட்டுரை நின்றுபோயிருந்தது! அம்மா, கவலைப்படாதீர்கள். இன்றே அவசரக் கூட்டம்!"

கூட்டம் கூடியது. 'அல்லிக்குளம் இன்றுமுதல் பாதுகாக்கப்பட்ட நீர்நிலை' என்று தீர்மானம் போட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். காலால் தட்டக்கூடியவர்கள் காலாலும் தட்டினார்கள். குமிழிக்கு அழுகையே வந்துவிட்டது.

கூட்டுக்குத் திரும்பியதும் பாசி கேட்டான், "என்ன சொன்னாங்க?"

"காப்பாத்தப் போறாங்க! தீர்மானம் போட்டாச்சு!"

"தீர்மானம் எத்தனை முழம் ஆழம்?"

"எப்பப் பார்த்தாலும் உங்களுக்குக் குத்தல்தான்!" என்று கோபித்துக்கொண்டு குமிழி முட்டைகளின்மேல் உட்கார்ந்தாள். அன்றைக்கு வெகு நாளைக்குப் பிறகு கீரியை நேருக்கு நேர் பார்த்தாள்.

மறுநாள் முதல் அவர்கள் குளத்தைக் காப்பாற்றத் தொடங்கினார்கள்.

முதலில் ஓர் அறிவிப்புத் தூண் வந்தது. 'பாதுகாக்கப்பட்ட நீர்நிலை' என்று களிமண்ணில் எழுதியிருந்தது. களிமண் குழைக்கக் குளத்திலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். அடுத்து, குளத்துக்கு நிழல் வேண்டும் என்று கரையைச் சுற்றிக் கன்று நட்டார்கள். கன்றுகளுக்குக் குளத்திலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். தூசி பறந்தால் காற்று கெடும் என்று பாதை முழுக்கத் தெளித்தார்கள். அந்தத் தண்ணீரும் குளத்திலிருந்துதான் போனது.

பிறகு மாணவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து குளத்தைச் சுற்றி நின்று உறுதிமொழி எடுத்தார்கள். காலடியில் கோரைப்புல் பாதி சாய்ந்தது. உறுதிமொழி மிகவும் நீளம். 'ஒரு துளியையும் வீணாக்க மாட்டேன்' என்று முடிப்பதற்குள் எல்லோருக்கும் தொண்டை வறண்டுவிட்டது. இறங்கி வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போனார்கள்.

"இவங்க இன்னும் ரெண்டு நாள் உன்னைக் காப்பாத்துனாப் போதும் குமிழியம்மா," என்றது கீரி. "நான் நடந்தே வந்துருவேன்!"

ஆனால் ஐந்தாம் நாள் நடந்தது எல்லாவற்றையும்விடப் பெரியது. காலையில் எழுந்து பார்த்தால் குளம் ஒரேயடியாக ஒரு முழம் இறங்கியிருந்தது. வாய்க்கால் வாயில் வழக்கமாகக் கேட்கும் சலசலப்பு கேட்கவில்லை.

"ஊற்று செத்துப்போச்சா?" பாசி கேட்டான்.

"நான் போய்ப் பாக்குறேன்."

"நீயா? தரையிலயா?"

"பின்னே யாரு? நீங்க முட்டையை மூடி வைங்க. நான் வர்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது!"

காய்ந்த வாய்க்காலுக்குள் அவள் விழுந்து விழுந்து ஏறினாள். குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு வளைவைத் தாண்டியதும், வாய்க்கால் திடீரென்று முடிந்துபோனது. அதன்மேல் ஒரு மேடை நின்றது. புத்தம்புது மூங்கில் மேடை. மேலே தோரணம். நடுவில் பெரிய எழுத்து: 'பூமி சூடாகிறது! நீரைக் காப்போம்! மாபெரும் மாநாடு.' மேடை ஆடாமல் இருக்க, வாய்க்காலை மண்ணும் கல்லும் போட்டு நிரவியிருந்தார்கள்.

பின்பக்கம் தழைகளால் ஒரு பச்சைத் திரை கட்டியிருந்தது. குமிழி அதற்குள் நுழைந்தாள். நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தண்ணீர்! ஊற்றுத் தண்ணீர் அத்தனையும் அங்கே தேங்கி நின்றது. வழிந்து வெளியே தெரியாமல் இருக்க உயரமாகக் கரையும் கட்டியிருந்தது.

"யாரது திரைக்குப் பின்னால்?" பதிவாளர் நரி எட்டிப் பார்த்தார்.

"ஐயா! குளத்துத் தண்ணி இங்க நிக்குதே!"

"தண்ணீரா? எங்கே?"

"இதோ!"

"இது தண்ணீர் அல்ல அம்மா. மேடையின் பின்புற ஈரம். சேறாகி அசிங்கமாக இருக்கும் என்று மறைத்திருக்கிறோம். மாநாடு முடிந்ததும் பரிசீலிக்கப்படும்."

"மாநாடு எப்ப முடியும்?"

"மூன்று நாளில் தொடங்கும். மூன்று நாள் நடக்கும். அறிக்கை எழுத ஒரு மாதம்."

"என் குஞ்சுங்க மூணு நாள்ல பொரியணும் ஐயா! அதுக்குள்ள தண்ணி வத்திடும்! மேடையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால்..."

"தள்ளியா?" நரி காதை விறைத்தார். "துணைவேந்தர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் புதுப் புல்வெளி நேராகத் தெரிய வேண்டும். அளந்து போட்ட மேடை! அதிருக்கட்டும், உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். நிறைவு விழாவில் உங்களை மேடையேற்றப் போகிறோம். குளத்தைக் காப்பாற்றியதற்குக் குளத்துவாசிகள் சார்பில் நாலு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும். சுருக்கமாக. அழுதால் நல்லது."

குமிழி நரியின் முகத்தைப் பார்த்தாள். இவர்கள் கெட்டவர்களாக இருந்தால்கூடச் சண்டை போடலாம். இவர்கள் எல்லோரும் அவளைக் காப்பாற்றிக்கொண்டல்லவா இருக்கிறார்கள்!

மாநாட்டு நாள் வந்தது. தரக்குழுவும் வந்தது. இருவாட்சிப் பறவை தலைவர். அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்ல இரண்டு கிளிகள் உறுப்பினர்கள். மேடையிலிருந்து மேளச் சத்தம் குளம் வரைக்கும் கேட்டது.

குளத்தில் அன்று மிச்சமிருந்தது கூட்டைச் சுற்றி ஒரு கலங்கல் வட்டம்தான். மற்ற இடமெல்லாம் சேறு. சேற்றில் மேல்தோல் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. கீரி ஒரு காலை வைத்துப் பார்த்தது. தாங்கியது. இன்னொரு காலை வைத்தது.

அப்போது கொம்பையா வந்தார். அந்த வட்டத்துக்கு நேராகத் தும்பிக்கையை நீட்டினார்.

"அண்ணே! வேண்டாம்!" குமிழி தும்பிக்கைக்கு முன்னால் போய் நின்றாள். அவள் முழு உடம்பும் அதன் ஒரு துளைக்குக் காணாது. "இருக்கிறதே இவ்வளவுதான்! இதையும் எடுத்தா கூடு தரை தட்டிடும்!"

"விருந்தாளிங்க கால் கழுவணுமாம் தங்கச்சி. பதிவாளர் உத்தரவு. நான் என்ன பண்ணட்டும்? மேடைக்குக் கீழ வாய்க்காலை மூடினதும் நான்தான். அந்தக் கரையைக் கட்டினதும் நான்தான். கட்டும்போதே மனசு கேக்கல. முடியாதுன்னா கரும்பை நிறுத்திடுவாங்க."

"சரி, எடுத்துக்கங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை காதைக் கொண்டாங்க."

"எதுக்கு?"

"கொண்டாங்களேன்!"

கொம்பையா குனிந்தார். முறம் போன்ற காதைக் கூட்டின்மேல் வைத்தார். மேளச் சத்தத்துக்கு நடுவே, ஓட்டுக்குள்ளிருந்து, ஊசி முனை அளவு ஒரு குரல்.

'கீச்.'

கொம்பையா அசையவில்லை.

'கீச். கீச்.'

"உள்ளேயிருந்தா?"

"நேத்து ராத்திரியிலேர்ந்து கூப்பிடுதுங்க அண்ணே."

கொம்பையா மெதுவாக நிமிர்ந்தார். "எனக்கு மேல இருக்கவங்க எத்தனையோ உத்தரவு போட்டிருக்காங்க. இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல," என்றார். தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு குன்றுப் பக்கம் திரும்பினார். யானை ஓடினால் எப்படி இருக்கும் என்று குமிழி அன்றுதான் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டு நிற்க நேரம் இல்லை. கீரி சேற்றின் பாதியைத் தாண்டிவிட்டது.

"யானைக்கே காது குத்துறியா குமிழியம்மா? போகட்டும். இப்ப நம்ம கணக்கைப் பாப்போம்!"

பாசி பாய்ந்து அதன் மூக்கில் கொத்தினான். கீரி உதறியது. பாசி சேற்றில் போய் விழுந்தான். குமிழி முட்டைகளின்மேல் சிறகை விரித்துப் படுத்தாள். கீரியின் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. தூரத்தில் துணைவேந்தர் மயில் முழங்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு துளி நீர் ஓர் உயிர்! நீருக்காக நான் என் தோகையையும் தருவேன்!"

கைதட்டல். குமிழி கீரியின் கண்ணைப் பார்த்துக் கொத்தினாள். கீரி ஒரு முட்டையைக் கவ்வியது. கூடு சாய்ந்தது.

அந்த நேரத்தில் ஒரு சத்தம். குன்றே தும்மியதுபோல் ஒரு சத்தம்!

கொம்பையா கரையை உடைத்துவிட்டார். மேடையையும் ஒரு முட்டு முட்டிவிட்டார். மூன்று நாள் தேங்கிய தண்ணீர் பச்சைத் திரையைக் கிழித்துக்கொண்டு, மூங்கிலை உருட்டிக்கொண்டு, பழைய வழியைத் தேடிப் பாய்ந்தது.

"ஐயோ தண்ணி! தண்ணியை நிறுத்துங்க!" என்று நீர் காக்கும் மாநாடு முழுவதும் அலறியது.

"என் தோகை! என் தோகை!" என்று துணைவேந்தர் கதறினார்.

முள்ளம்பன்றிப் பேராசிரியரின் கட்டுரை நாற்பது இலையாகப் பிரிந்து மிதந்தது. கிளிகள் இரண்டும், "தண்ணி! தண்ணி!" என்று தலைவர் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லின. தண்ணீர் யாருக்காகவும் நிற்கவில்லை. வாய்க்காலில் இறங்கிக் குளத்துக்குள் குதித்தது.

கீரி திரும்பிப் பார்த்தது. வாயில் முட்டையோடு ஒரே ஓட்டமாகக் கரைக்கு ஓடி, தழைக்குள் மறைந்தது. சாய்ந்த கூடு மெல்ல நிமிர்ந்தது. ஒரு தடவை சுற்றியது. பிறகு மிதந்தது.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சொட்டச் சொட்ட நனைந்து வாய்க்கால் வழியே குளக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். துணைவேந்தரின் தோகை நனைந்த விளக்குமாறு மாதிரி தொங்கியது. இருவாட்சி கிளையில் உட்கார்ந்து, நிரம்பிக்கொண்டிருந்த குளத்தை உற்றுப் பார்த்தார்.

"என்ன இது?"

நரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நேரடிச் செயல்விளக்கம் ஐயா! பேசுவது மட்டும் எங்கள் வழக்கம் அல்ல. மாநாட்டின் நடுவிலேயே ஒரு குளத்தை நிரப்பிக் காட்டியிருக்கிறோம்!"

"அருமை! இதுவரை எந்த வளாகத்திலும் இப்படிப் பார்த்ததில்லை. ஐந்து இலை!"

"ஐந்து இலை! ஐந்து இலை!" என்றன கிளிகள்.

அவர்கள் இலைகளை எண்ணினார்கள். குமிழி முட்டைகளை எண்ணினாள். மூன்று. மறுபடியும் எண்ணினாள். மூன்றுதான்.

"குளத்துவாசிகள் சார்பில் இந்த அம்மா இப்போது நன்றி சொல்வார்!" என்று நரி அறிவித்தார். எல்லோரும் அமைதியானார்கள். முள்ளம்பன்றிப் பேராசிரியர் எழுதிக்கொள்ளத் தயாராக ஒரு முள்ளைப் பிடுங்கினார்.

குமிழி தலை நிமிர்ந்தாள். அவள் குரல் சின்னது. ஆனால் தண்ணீரின்மேல் நன்றாகக் கேட்டது.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீங்க எல்லாரும் நிக்கிறது வாய்க்கால்ல."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழே பார்த்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே விலகினார்கள். அவர்கள் விலகிய இடத்தில் தண்ணீர் இன்னும் வேகமாக வந்தது.

மறுநாள் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. உடம்பெல்லாம் கோடு கோடாக இருந்த மூன்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு குமிழி கோரைப்புல்லின் ஓரமாகவே நீந்தினாள். நடுவே போகவில்லை. நாலு தரம் நீந்துவாள், ஒரு தரம் கரையைப் பார்ப்பாள். அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகவே இல்லை. கொம்பையாவுக்குப் பதிவாளரிடமிருந்து ஓர் ஆணை வந்தது. 'மேடையைச் சேதப்படுத்தியதற்கு ஏன் உம்மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது?' என்று ஒரு பெரிய பச்சை இலையில் எழுதியிருந்தது. கொம்பையா அதைக் கருத்தோடு இரண்டு தடவை படித்தார். பிறகு தின்றுவிட்டார்.

ஒன்றைக் காப்பாற்ற மேடை போடுகிறவர்கள், அந்த மேடை எதன்மேல் நிற்கிறது என்று முதலில் குனிந்து பார்க்க வேண்டும்.